ட்ரெய்லருக்கு அடியில்

பால் பொங்கி வழிந்ததும் ஆன்ட்டி கைதட்டினார்.

"ஈஸ்ட் சைடுலயே பொங்கியிருக்கு பாரு! இதுக்கு மேல என்ன வேணும்? கலிஃபோர்னியால ஜம்முனு செட்டில் ஆயிடுவீங்க."

"நாங்க போறது வெஸ்ட் சைடுங்க ஆன்ட்டி," என்றார் என் கணவர்.

"பால் பொங்கறப்போ குதர்க்கம் பேசாதப்பா. சக்கரைய எடு."

நாங்கள் நின்றிருந்தது டெக்சஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில், ஆன்ட்டி வீட்டு கராஜுக்கு எதிரே இருந்த கான்க்ரீட் தளத்தில் நிறுத்தியிருந்த ஒரு பழைய ட்ரெய்லருக்குள். வேனுக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்கிற, ஒரு படுக்கையும் ஒரு சிறு சமையல் மேடையும் கொண்ட வண்டி. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டின் வசந்தத்தில் அந்த ஊரின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. என் கணவரும் அனுப்பப்பட்டார். அவருடைய விசா வேலையோடு பிணைக்கப்பட்டது. என்னுடையது அவருடைய விசாவோடு பிணைக்கப்பட்டது. வாரக்கணக்கில் நாங்கள் இருவரும் தொலைபேசியைப் பார்த்தபடியே சாப்பிட்டோம். கடைசியில் கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் ஒரு சிறிய நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு அந்த இடம் போய்விடும் என்று மட்டும் சொன்னார்கள்.

அங்கே வீட்டு வாடகை எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால்தான் இந்த ட்ரெய்லர். லிவர்மோருக்கு அருகே இத்தகைய வண்டிகளை நிறுத்தி வாழ்வதற்கென்றே உள்ள ஒரு பார்க்கில் இடம் சொல்லி வைத்திருந்தோம். சில மாதங்களுக்கு இதுவே எங்கள் வீடு என்று தெரிந்ததும், வீடென்றால் பால் காய்ச்சாமல் எப்படிக் குடிபோவது என்று ஆன்ட்டி கேட்டார். அவர் சென்னைக்காரர். எங்களைப் போன்று புதிதாக வந்த பல குடும்பங்களுக்கு அந்த ஊரில் தாய்வீடு போல இருந்தவர். அவருடைய கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னதைச் செய்வதுதான் வழக்கம்.

சர்க்கரை போட்ட பாலை எல்லோரும் குடித்தோம். நான் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை, சாமான் ஏற்றி முடிப்பதற்கு முன், ரசமட்டத்தை அந்த மேடைமேல் வைத்து நானே வண்டியைச் சமன் செய்திருந்தேன். குமிழி நடுவில் நின்றதைக் கண்ணால் கண்டேன். சமமான அடுப்பில் சமமான பாத்திரத்தில் இருக்கும் பால் விளிம்பு முழுவதும் ததும்ப வேண்டும். இந்தப் பாலோ மொத்தமும் ஒரே மூலையில், வண்டியின் முன்புற இடப்பக்கத்தை நோக்கி, ஒரு துளியும் வேறெங்கும் சிந்தாமல் ஓடியிருந்தது. ஆன்ட்டிக்கு அது கிழக்கு. எனக்கு அது ஒரு சரிவு.

ரசமட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவிலிருந்து நகர்ந்து ஒதுங்கியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, புதுப்புடவையோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

"என்னப்பா பண்றா இவ?" என்று ஆன்ட்டி கேட்பது மேலே கேட்டது.

விரிசலைக் கண்டுபிடிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. இத்தகைய வண்டியின் முன்புறம் இரண்டு இரும்புச் சட்டங்கள் முக்கோணமாகக் குவிந்து, வேனின் கொக்கியில் மாட்டும் முனையில் முடியும். அச்சட்டங்கள் வண்டியின் உடலுக்கு அடியில் நுழையும் இடத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இடப்பக்கச் சட்டம் அந்தப் பழைய பற்றுக்கு ஒட்டினாற்போல, கீழ் விளிம்பில் தொடங்கி, பாதி உயரம்வரை பிளந்திருந்தது. கீழே நகம் நுழையும் அகலம். மேலே போகப்போக மயிரிழை.

காரணத்தை நான் தேட வேண்டியதே இல்லை. அது என் தலைக்கு மேலேயே இருந்தது. நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். எங்கள் ஊரார் எதை விட்டுவிட்டுப் போனாலும் மாவாட்டும் கிரைண்டரை விட்டுவிட்டுப் போவதில்லை. விமானத்தில் வந்த அந்தக் கருங்கல் கிரைண்டரை என் கணவர் வண்டியின் முன்பக்க அலமாரியில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். அதன் பக்கத்தில் அரிசி மூட்டைகள். அதற்குமேல் பித்தளைப் பாத்திரங்கள். மிச்சமிருந்த இடத்தில் என் புத்தகப் பெட்டிகள். கனமானதெல்லாம் முன்னால் இருந்தால் வண்டி பின்னால் ஆடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதில் பாதி உண்மை. மறுபாதி எனக்கு மேலே வாய் திறந்துகொண்டிருந்தது.

அன்று மதியமெல்லாம் அவர் தொலைபேசியில் இருந்தார். ஒரு வெல்டிங் கடைக்காரர் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். மற்றவர்கள் அடிச்சட்டம் என்றதுமே இன்ஷூரன்ஸ் காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவ்வளவு பழைய வண்டிக்குச் செலவு செய்யாதீர்கள், உடைத்துப் போடுங்கள் என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் ஆன்ட்டி வீட்டுச் சமையலறை மேஜையில் என் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. நான் ஃப்ளைட்ல போய் ஜாயின் பண்ணிர்றேன். அங்க பேச்சிலர் பசங்க ரூம்ல ஒரு பெட் கெடைக்கும். நீ கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போய் இரு. நெலம சரியானதும் கூப்பிட்டுக்கறேன்."

அவர் குரலில் அன்புதான் இருந்தது. ஆனாலும் அந்தக் 'கொஞ்ச நாள்' எப்படி நீளும் என்பதை நான் அறிவேன். எங்களுக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் அப்படி அனுப்பப்பட்டார்கள். அவர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்கள் மாதத்துக்கு மாதம் குறுகிக்கொண்டே வந்தன. வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில், நூலகத்துப் புத்தகங்களை அடுக்கடுக்காக வாசித்தபடி, நான் அந்த நாட்டில் இருந்ததற்கு ஒரே காரணம் அவரோடு இருப்பதுதான். அதையும் ஒரு விரிசலிடம் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"நான் வெல்டு பண்றேனுங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காதது அவருடைய நல்ல குணம். "நீயா?" என்று மட்டும் கேட்டார்.

"நான் மெக்கானிக்கல் படிச்சது நம்ம கல்யாணப் பத்திரிகைல என் பேருக்குப் பின்னாடி போடறதுக்கு மட்டுமில்லீங்க."

ஆன்ட்டி குறுக்கே புகுந்தார். "ஏம்மா, காலேஜ்ல பண்ணதெல்லாம் இப்ப ஞாபகம் இருக்குமா? நானும்தான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. வெந்நீர் வைக்கறதத் தவிர ஒண்ணும் ஞாபகம் இல்ல."

எனக்கும் முழுவதும் நினைவில்லை. கல்லூரிப் பட்டறையில் முதலாம் ஆண்டில் இரும்புத் துண்டுகளை ஒட்டிக் காட்டி மதிப்பெண் வாங்கியவள் நான். அங்கே துண்டு மேஜைமீது எனக்கு வசதியாகக் கிடந்தது. இங்கே சட்டம் தலைக்கு மேலே இருந்தது. இருந்தாலும், ஒரு பொருள் ஏன் உடைகிறது என்ற கேள்வி நான்கு ஆண்டுகளும் என்னை விடாமல் ஈர்த்த கேள்வி. அதன் விடையை நான் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் நூலகத்துக்குப் போய்ப் பற்றவைப்பு பற்றிய இரண்டு தடித்த நூல்களை எடுத்து வந்தேன். வாடகைக் கடையில் ஒரு வெல்டிங் மெஷினும் முகக்கவசமும் தோல் கையுறையும் கிடைத்தன. கவுண்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் என் கணவரிடமே விளக்கினார். இவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "புரிஞ்சுதா?" என்று தமிழில் கேட்டார். இரும்புக் கிடங்கில் நான் வரைந்து கொடுத்த அளவுக்குத் தகடுகளை வெட்டித் தந்தார்கள். நீளமான சாய்சதுரத் தகடுகள்.

"எதுக்கு அம்மிணி டைமண்ட் ஷேப்? சதுரமா வெட்டுனா சுலபம்தான?"

"சதுரமா வெச்சா தகடு முடியற எடத்துல நேரா ஒரே கோட்டுல பாரம் விழுமுங்க. பழைய வெல்டு அப்படி நேரா இருந்ததாலதான் அதை ஒட்டி உடைஞ்சிருக்கு. சாய்வா இருந்தா பாரம் பரவிப் போகும்."

வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்டி அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் டைமண்ட கழுத்துல போட்டுப்பா. இவ வண்டிக்குப் போடறா."

துணி உலர்த்தும் இயந்திரத்துக்கென்று கராஜில் இருந்த பெரிய ப்ளக்கில் மெஷினை மாட்டினேன். முதலில் உதிரித் துண்டுகளில் பழகினேன். பட்டுப்புடவைகளெல்லாம் பெட்டிக்குள் கிடக்க, கணவருடைய ஜீன்ஸையும் அவருடைய தோல் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு, தாலிக்கொடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். நைலான் இழை ஒன்றுகூட உடம்பில் இருக்கக் கூடாது. துண்டுகளைச் சுவரோடு செங்குத்தாக நிறுத்தியும், தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டும் பற்றவைத்தேன். உருகிய துளிகள் தோள்மேல் விழுந்தன. வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன். மறுபடி ஒட்டிக்கொண்டது.

சோதிக்கும் பொறுப்பைக் கணவரிடம் கொடுத்திருந்தேன். ஒட்டிய துண்டைக் கிடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் அடிக்க வேண்டும். முதல் துண்டு ஒரே அடியில் இரண்டாயிற்று. உடைந்த முகத்தில் ரொட்டியைப் போல ஓட்டைகள். அடுத்ததும் அப்படித்தான். அவர் ஒவ்வொரு முறையும் மெல்ல அடிக்கப் பார்த்தார். அதை நான் கவனித்துவிட்டேன்.

"இரக்கப்பட்டு அடிக்காதீங்க. ஹைவேல இரக்கப்படறதுக்கு ஆளில்ல."

அதற்குப் பிறகு அவர் ஓங்கி அடித்தார். நான் மின்னோட்டத்தைக் கூட்டினேன், கையின் வேகத்தைக் குறைத்தேன். சீறல் சத்தம் மாறியது. வாணலியில் சீராகப் பொரிவது போன்ற ஓர் ஓசை. அந்த ஓசையைக் காது அடையாளம் கண்டதும் கை தானாக அமைந்தது. அன்று மாலை அவர் ஒரு துண்டை அடித்தார், அடித்தார், வியர்த்து நின்றார். துண்டு வளைந்ததே தவிர ஒட்டு விடவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டார்.

"ஆன்ட்டி! இத வந்து பாருங்க! ஒடைய மாட்டேங்குது!"

"ஒடையலன்னு ஒருத்தன் இவ்ளோ சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்லப்பா," என்றார் ஆன்ட்டி.

பிறகுதான் வண்டியைத் தொட்டேன். ஏற்றியதையெல்லாம் இறக்கினோம். முன்னாலிருந்த கேஸ் சிலிண்டர்களைக் கழற்றித் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் வைத்தோம். பேட்டரியின் இணைப்பைப் பிரித்தேன். சட்டத்துக்கு மேலிருந்த பஞ்சுப்பொதியையும் ஒயர்களையும் விலக்கிக் கட்டினேன். விரிசலைத் திறந்த நிலையிலேயே ஒட்டினால் வளைவையும் சேர்த்து ஒட்டியதாகும். எனவே குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஜாக்கி வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தினேன். சட்டம் நேரானதா என்று பார்க்க ஒரு மெல்லிய நூல் வேண்டியிருந்தது. ஆன்ட்டி பூத்தொடுக்கும் நூலைக் கொண்டுவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நூலுக்கும் இரும்புக்கும் இடையே இருந்த வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து மறைந்தபோது விரிசலின் இரு உதடுகளும் மூடிக்கொண்டன.

விரிசலின் மேல்நுனியில் ஒரு சிறு துளை போட்டேன்.

"ஏற்கெனவே ஒடஞ்சிருக்கு. அதுல ஓட்ட வேற போடறியா?" என்று கணவர் பதறினார்.

விரிசலின் நுனி ஊசியைப் போன்றது. பாரமெல்லாம் அந்த ஊசி முனையில் குவிவதால்தான் அது மேலும் மேலும் கிழித்துக்கொண்டு போகிறது. வட்டமான துளைக்கு முனை கிடையாது. அங்கே வந்ததும் விரிசல் தன் வழியை இழந்துவிடும். இதை நான் அவருக்கு விளக்கியபோது அவர், "இத்தன நாள் இதெல்லாம் தலைக்குள்ள வெச்சுட்டா எனக்குத் தோச சுட்டுட்டு இருந்த?" என்று கேட்டார். இன்றும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு மனம் இளகும்.

சாணைச் சக்கரத்தால் விரிசலின் இருபுறமும் சரிவாகச் செதுக்கி, ஒரு வாய்க்கால் போலாக்கி, அடியிலிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒரு வரி போட்டதும் அதன்மேல் படியும் கசடைத் தட்டிக் கம்பித் தூரிகையால் துடைப்பேன். பளபளப்பு தெரிந்த பிறகே அடுத்த வரி. கான்க்ரீட்டில் மல்லாந்து படுத்து, கறுப்புக் கண்ணாடி வழியாக அந்தச் சிறு வெண்சுடரைத் தவிர வேறெதையும் காணாமல் கிடந்த அந்த மணிகளில் எனக்குச் சலிப்போ பயமோ இருந்ததாக நினைவில்லை. நல்ல புத்தகம் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது வருகிற அதே அமைதி அது.

தீப்பொறிக்குக் காவலாக ஆன்ட்டி தோட்டத்து ஹோஸை ஏந்தி நின்றார். நான் சொல்லாமல் தண்ணீரைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கசடு தட்டிக்கொண்டிருந்த ஒரு சமயம், என் கணவரின் ஷூ லேஸிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"திறக்கவா? திறக்கவா? ஐயோ, திறந்துட்டேன்!"

என் கணவர் தலைமுதல் முழங்கால்வரை நனைந்தார். ஷூ மட்டும் புகைந்துகொண்டேயிருந்தது.

இரும்பு ஆறியதும், ஒட்டின்மேல் சாய்சதுரத் தகட்டை வைத்து, அதன் சாய்ந்த ஓரங்களில் மட்டும் பற்றவைத்தேன். கீழ் விளிம்பில் குறுக்காக ஒரு கோடுகூட இழுக்கவில்லை. உடையாத வலப்பக்கச் சட்டத்துக்கும் அதே இடத்தில் அதேபோன்ற தகடு. ஒரு பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் அடுத்த விரிசல் மறுபக்கத்தில் விழும். எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை பெயின்ட் அடித்தேன். மீண்டும் விரிசல் விட்டால் வெள்ளையில் கருங்கோடாகத் தெரிந்துவிடும்.

சாமான் ஏற்றும்போது என் கணவர் தானாகவே பணிந்து வந்தார். "கிரைண்டர வேணா ஆன்ட்டிகிட்ட குடுத்துட்டுப் போயிரலாமா?"

"எதுக்குங்க? சக்கரத்துக்கு மேலயே வைங்க. சக்கரம் சுமக்கட்டும்."

கிரைண்டர் அச்சுக்கு நேர் மேலே தரையோடு அமர்ந்தது. அரிசி அதன் இருபுறமும் சமமாக. புத்தகங்கள் வேனுக்கு மாறின. ஒன்றையும் விட்டுவிடவில்லை. பிறகு நாங்கள் மூவரும் வண்டியின் முன்பக்க மூலையில் ஏறி நின்று, ஆன்ட்டியின் யோசனைப்படி, கைகளைக் கோத்துக்கொண்டு குதித்தோம். கீழே போய்ப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

மேற்கு டெக்சஸின் வெட்டவெளியைத் தாண்டி, நியூ மெக்சிகோவையும் அரிசோனாவையும் கடந்து சென்றோம். பெட்ரோல் போட நின்ற ஒவ்வோர் இடத்திலும் அவர் பம்ப்பைப் பிடிப்பார், நான் டார்ச்சோடு அடியில் நுழைவேன். முதலில் அவர், "எப்படி இருக்கு?" என்று கவலையோடு கேட்டார். அரிசோனாவில், "சும்மா வா அம்மிணி, அதெல்லாம் ஸ்ட்ராங்காத்தான் இருக்கும்," என்றார். கலிஃபோர்னிய எல்லையைத் தாண்டிய பிறகு நான் எழுந்து வரும்வரை கேட்கவேயில்லை. ஒரு சாண்ட்விச்சை மட்டும் நீட்டினார்.

கடைசிச் சோதனை லிவர்மோருக்குக் கிழக்கே இருந்த மலைக்கணவாய். புல் படர்ந்த குன்றுகளின்மேல் காற்றாலைகள் வரிசையாக நின்றன. அத்தனையும் வெறிகொண்டு சுழன்றன. பக்கவாட்டுக் காற்றில் லாரிகளே தடுமாறின. அடிவாரத்தில் என் கணவர் வேனை ஓரங்கட்டினார். தொடர்ந்து ஓட்டி அவர் தோள்கள் விறைத்திருந்தன.

"நீ ஓட்டறியா? உனக்குத்தான் அது எவ்வளவு தாங்கும்னு தெரியும்."

நான் ஓட்டினேன். ஏற்றத்தில் ஒவ்வொரு காற்றடிக்கும் ட்ரெய்லர் இழுப்பதை ஸ்டியரிங்கில் உணர்ந்தேன். கொக்கியும் சட்டமும் அந்த இழுப்பை வாங்கி எனக்கு அனுப்பின. அதில் தளர்வு இல்லை, முனகல் இல்லை. உறுதியான ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போலிருந்தது. உச்சியைத் தாண்டியதும் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மாலை வெயிலில் திறந்து கிடந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு அவரும் கத்தினார். பக்கத்தில் போன லாரிக்காரர் ஏதோ பண்டிகை என்று நினைத்தோ என்னவோ, ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் வேலைக்குக் கிளம்பினார். பார்க்கில் நிறுத்திய ட்ரெய்லரின் படியில் நின்று, "சாயங்காலம் வர்றேன்," என்றார். வேலை போவதற்கு முன் அன்றாடம் கேட்ட சொற்கள். அன்று அவற்றைக் கேட்டபடி வெகுநேரம் நின்றேன்.

வேன் கண்ணிலிருந்து மறைந்ததும், சோதிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லாதபோதும், சரளைக்கற்கள்மேல் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். தூசு படிந்த வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கீறலும் இல்லை. அதன்கீழே என் பற்றவைப்பு வரிகள், முதல் பாதியில் சற்றுக் கோணலாகவும் பிற்பாதியில் நேராகவும், தெளிவாகத் தெரிந்தன. தலைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, வானம் பார்ப்பவள் போல அவற்றையே பார்த்துக் கிடந்தேன்.

பக்கத்து ட்ரெய்லரின் அம்மாள் நாயோடு வந்தவர், வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைக் கண்டு குனிந்தார். ஏதாவது பழுதா, யாரையாவது கூப்பிடட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பழுது ஒன்றுமில்லை என்றேன். எல்லாம் சரியாக இருக்கிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.